பேஸ் பிறகு பார்ப்பம், முதல்ல குரல் கேக்கட்டும்

ஸ்பீக்கர் வாங்கப் போற எங்கட வயசுக்காரர் கடையில் கேட்கிற முதல் கேள்வி, "பேஸ் எப்படி?" இரண்டாவது கேள்வி, "எத்தனை வொட்?" ஒரு மனுசன் கதைச்சா வடிவா விளங்குமா என்று கேட்டு ஸ்பீக்கர் வாங்கின ஒருத்தரை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை. கடைக்காரரும் ஆள் பார்த்துத்தான் வியாபாரம் செய்கிறார். சப்வூஃபர் குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பி, கண்ணாடி அலுமாரி நடுங்குகிற மாதிரி ஒரு பாட்டைப் போடுகிறார். நெஞ்சில் ஒரு இடி விழுகிறது. காசு கைமாறுகிறது.

இந்தக் கட்டுரை அந்த இடிக்கு எதிரானது. கற்பிட்டி தொடங்கி உடப்பு, சிலாபம் வரைக்கும் இந்தக் கரையில் இருக்கிற ஒரு சாதாரண வீட்டுக்கு, கையில் இருக்கிற காசு இரண்டு நல்ல புக்ஷெல்ஃப் ஸ்பீக்கருக்குத்தான் முதலில் போகவேணும். சப்வூஃபர் கடைசியாக யோசிக்கவேண்டிய சாமான். பல வீடுகளுக்கு அது தேவையே இல்லை. இதைச் சொன்னால் "ரசனை கெட்ட ஆக்கள்" என்று பேர் வரும். வரட்டும். காரணங்களைச் சொல்லுறம், வாசிச்சுப்போட்டுச் சண்டைக்கு வாங்க.

முதலில் சாமான் எது என்று தெளிவாக்குவோம். புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்றால் 4 தொடக்கம் 6.5 அங்குலம் வரையான ஒரு கோனும், அதுக்கு மேலே ஏறக்குறைய ஒரு அங்குல ட்வீட்டரும் உள்ள சின்னப் பெட்டி. பேரில் மட்டும்தான் புத்தக அலுமாரி. புத்தகங்களுக்கு நடுவில் திணித்தால் சத்தம் அமுங்கிப் போகும். 5 அங்குலக் கோன் உள்ள ஒரு பெட்டி பொதுவாக 55, 60 ஹேர்ட்ஸ் வரைக்கும் ஒழுங்காக இறங்கும். அதுக்குக் கீழே, எங்கட காதின் எல்லையான 20 ஹேர்ட்ஸ் வரைக்கும் உள்ள அந்தக் கொஞ்ச இடத்தை நிரப்பத்தான் சப்வூஃபர். அந்தக் கொஞ்ச இடத்துக்காக நாங்கள் மிச்சம் எல்லாத்தையும் விற்றுக்கொண்டு இருக்கிறோம் என்பதுதான் எங்கள் குற்றச்சாட்டு.

இந்தக் கரையின் சத்தம் எங்கே இருக்கிறது?

மனுசக் குரலின் அடிச் சுருதி, ஆண்களுக்கு ஏறக்குறைய 85 முதல் 180 ஹேர்ட்ஸ், பெண்களுக்கு 165 முதல் 255 ஹேர்ட்ஸ். ஆனால் சொல்லை விளங்க வைக்கிறது அந்த அடிச் சுருதி இல்லை. 'க'வையும் 'த'வையும் பிரித்துக் காட்டுற, 'ச'வின் சீறலைக் கொண்டு வருகிற சத்தங்கள் 2000 ஹேர்ட்ஸுக்கு மேலே, 4000 வரைக்கும் அதையும் தாண்டியும் இருக்கின்றன. ஆக, ஒரு தமிழ்க் குரல் முழுசாக வாழ்கிற இடம் 85இல் இருந்து சில ஆயிரம் ஹேர்ட்ஸ் வரைக்கும். இதில் 60க்குக் கீழே ஒன்றுமே இல்லை.

இப்ப இந்த மாவட்டத்தின் சத்தங்களை எடுத்துப் பாருங்க. உடப்பில் கரைவலை இழுக்கிறபோது பாடுற அம்பாப் பாட்டு. ஒருவர் எடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பிடித்திருக்கிற மற்றவர்கள் சேர்ந்து வாங்கிப் பாடுவார்கள். மூச்சும் கயிறும் ஒரே தாளத்தில் போகவேணும் என்பதுக்காகப் பிறந்த பாட்டு அது. அதில் வாத்தியம் கிடையாது. இருக்கிறது குரல், மூச்சு, கடல். இலங்கையின் பல கரைகளில் வலையை ட்ரக்டரில் பூட்டின வின்ச் இழுக்கத் தொடங்கியது. இயந்திரத்துக்கு மூச்சு வாங்காது, பாட்டும் தேவைப்படாது. ஆகவே அந்தப் பாட்டு இனிமேல் கரையில் கேட்பதைவிட யாரோ ஒருவரின் போனில் பதிவாகத்தான் அதிகம் கேட்கப் போகிறது. அந்தப் பதிவை நாங்கள் எதில் போட்டுக் கேட்கப் போறம்?

புத்தளம் நகரத்துக்குக் கொஞ்சம் உள்ளே சிரம்பியடி. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று ஆண்டவர்கள் எல்லாம் கொண்டுவந்து இறக்கின ஆபிரிக்க வம்சாவளி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். அவர்கள் பாடுற மஞ்சா பாட்டின் மொழி போர்த்துக்கேயக் கிரியோல். ரபானோடு போத்தல், கரண்டி, சிரட்டை எல்லாம் அங்கே வாத்தியம். மெதுவாகத் தொடங்கி வேகம் எடுத்துக்கொண்டே போகும். "அப்போ அதில் பேஸ் இருக்கே" என்று நீங்கள் கேட்பீர்கள். ரபானின் இடி இருக்கிறது, சரி. ஆனால் அந்தத் தாளத்தைத் தாளமாக்குகிறது போத்தலில் கரண்டி படுகிற 'டிங்'கும் சிரட்டையில் சிரட்டை படுகிற 'டக்'கும். அவை ட்வீட்டரும் நடுத்தர ஒலியும் ஒழுங்காக இருந்தால்தான் கேட்கும். இடி மட்டும் பெருத்த ஒரு செட்டில் மஞ்சாவைப் போட்டால், வாத்தியம் நாலில் மூன்று காணாமல் போகும்.

மூன்றாவது, கதைகள். 1990 ஒக்ரோபரில் வடக்கில் இருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பெரும்பாலும் வந்து சேர்ந்தது இந்த மாவட்டத்துக்குத்தான். அன்றைக்கு வீட்டைப் பூட்டிச் சாவியோடு நடந்தவர்களுக்கு இப்ப வயசு போய்விட்டது. அவர்களின் பேரப்பிள்ளைகள் போனில் பதிவு செய்கிற ஒவ்வொரு கதையும் ஒரு ஆவணம். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் பேச்சு வேறு, மன்னார்ப் பேச்சு வேறு, கற்பிட்டிப் பேச்சு வேறு, உடப்புப் பேச்சு வேறு, சிங்களமும் கலந்து ஓடுற சிலாபத்துப் பேச்சு இன்னொன்று. இந்த வித்தியாசம் முழுக்க ஒரு 'ற'வில், ஒரு இழுவையில், ஒரு மூச்சு நிறுத்தலில் இருக்கிறது. அதை இடிப் பெட்டி சொல்லாது.

நாலாவது, ரேடியோ. புத்தளத்தில் இருக்கிற மத்திய அலை ஒலிபரப்பு நிலையத்தில் இருந்து கடல் தாண்டித் தென்னிந்தியா வரைக்கும் தமிழ் போயிருக்கிறது. மத்திய அலையில் ஒரு நிலையத்துக்கு ஒதுக்கப்படுகிற இடைவெளி 9 கிலோஹேர்ட்ஸ். அதுக்குள் ஏறக்குறைய 4500 ஹேர்ட்ஸ் வரையான ஒலிதான் போக முடியும். கீழே இடியும் இல்லை, மேலே மினுக்கமும் இல்லை. அந்த ஒடுங்கின வாசலுக்குள்ளால்தான் கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே காதலித்தது. ஒரு கைப்பிடி ஸ்பீக்கரில் கேட்டுத்தான் காதலித்தது. ஒலியில் உயிர் எங்கே இருக்கிறது என்பதுக்கு இதைவிட வேறு சாட்சி எங்களுக்குத் தேவையில்லை.

2.1 செட் என்கிற ஏமாற்று

எங்கட ஊர் வீடுகளில் அதிகம் இருக்கிறது தனி சப்வூஃபர் இல்லை, 2.1 செட். இரண்டு சின்னப் பெட்டி, நிலத்தில் ஒரு பெரிய பெட்டி. வெளிநாட்டில் இருந்து வந்தவர் கொண்டு வந்திருப்பார், இல்லையென்றால் பெருநாளுக்கோ நத்தாருக்கோ வாங்கியிருப்பார்கள். ஷோகேஸ் மேலே அழகாகத்தான் இருக்கும். அதுக்குள் நடக்கிறது என்னவென்று பாருங்க.

ஒரு ஒழுங்கான சப்வூஃபர் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வேலை செய்யவேணும். அந்த அளவுக்குக் கீழே சத்தம் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடுவது கஷ்டம். அதனால் பெட்டி மூலையில் இருந்தாலும் பாட்டு முன்னால் இருந்து வருகிற மாதிரியே இருக்கும். ஆனால் 2.1 செட்டின் சின்னப் பெட்டிகளுக்குள் இருக்கிறது 3 அங்குலக் கோன், சிலதில் அதுவும் இல்லை. அதால் 80 வரைக்கும் இறங்க முடியாது. ஆகவே 150, 200 ஹேர்ட்ஸிலேயே வேலையை நிலத்தில் இருக்கிற பெட்டிக்குக் கைமாற்றி விடுவார்கள். மேலே சொன்ன கணக்கை இப்ப திரும்பப் பாருங்க. ஆண் குரலின் அடி முழுக்க, பெண் குரலின் அடியில் ஒரு பகுதி, எல்லாம் அந்த நிலப் பெட்டிக்குப் போய்விடும். அதாவது பாடகரின் தொண்டை ஷோகேஸ் மேலே, நெஞ்சு கதிரைக்குக் கீழே. மனுசனை இரண்டாக வெட்டி வைத்துவிட்டு, "பேஸ் சும்மா அந்த மாதிரி மச்சான்" என்று சொல்லுறம்.

போதாக்குறைக்குப் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கிற வொட். பிஎம்பிஓ என்று போட்டு ஆயிரக்கணக்கில் ஒரு எண் இருந்தால் அதை வாசிக்கவே வேண்டாம். அது விற்பனைக்காரரின் கற்பனை எண். ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கிற எண்ணை மட்டும் பாருங்க. 86 டெசிபெல் உணர்திறன் உள்ள ஒரு சாதாரண புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர், ஒரே ஒரு வொட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபெல் சத்தம் தரும். ஒரு அறைக்குள் இருந்து நிம்மதியாகக் கேட்கிற அளவுக்கு, அதிக நேரம் ஒரு வொட்கூடச் செலவாகாது. சத்தத்தை 3 டெசிபெல் கூட்ட இரண்டு மடங்கு வொட் வேணும். 10 டெசிபெல் கூட்ட, அதாவது காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய, பத்து மடங்கு வேணும். 30, 40 வொட் ஆர்எம்எஸ் உள்ள ஒரு நேர்மையான அம்ப் எங்கட வீட்டுக்குத் தாராளம்.

வரலாறும் எங்கட பக்கம்தான். தாழ் அதிர்வுப் பெட்டிகள் பொதுசனத்துக்குப் பழக்கமானது 1974இல், 'எர்த்குவேக்' என்ற ஹொலிவூட் படத்துக்காகத் தியேட்டர்களில் பூட்டின சென்சரவுண்ட் என்ற ஏற்பாட்டோடு. நிலநடுக்கத்தைக் கதிரையில் இருக்கிறவரின் உடம்பில் உணர வைக்கிறதுதான் நோக்கம். ஏறக்குறைய அதே காலத்தில் பிபிசி பொறியியலாளர்கள் வேறு ஒரு பிரச்சினையோடு மல்லுக்கட்டினார்கள். வெளி ஒலிபரப்பு வேனுக்குள் இடம் குறைவு. அதுக்குள் இருந்து அறிவிப்பாளரின் குரல் சரியாகப் போகிறதா என்று கேட்டுப் பார்க்கவேணும். அதுக்காக அவர்கள் செய்தது எல்எஸ்3/5ஏ என்ற, ஏறக்குறைய ஒரு அடி உயரமே உள்ள சின்னப் பெட்டி. 5 அங்குலக் கோன், ஒரு ட்வீட்டர், அவ்வளவுதான். அரை நூற்றாண்டு கழிந்தும் அதே பெட்டியை அதே அளவில் இன்றைக்கும் செய்து விற்கிறார்கள். ஒன்று நிலநடுக்கத்துக்குச் செய்தது, மற்றது மனுசக் குரலுக்குச் செய்தது. உங்கட வீட்டில் தினமும் நடக்கிறது எது என்று நீங்களே சொல்லுங்க.

அறைக்கும் ஒரு சுருதி இருக்கு

"சரி, நான் நல்ல சப்பே வாங்கிறன்" என்று ஒருத்தர் சொல்லலாம். வாங்கலாம். ஆனால் அதைப் போடப்போகிற அறையைக் கணக்கில் எடுங்க.

எங்கட வீடுகளில் 12க்கு 10 அடி அறை சாதாரணம். சீமெந்து நிலம், கல்லுச் சுவர், மேலே சீட் அல்லது தகரம். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் ஓடும். 12 அடி நீளத்துக்கு 47 ஹேர்ட்ஸ், 10 அடி அகலத்துக்கு 57 ஹேர்ட்ஸ். இந்த இரண்டு இடத்திலும் அறையே சேர்ந்து பாடத் தொடங்கும். சப் வேலை செய்கிறது சரியாக அதே இடத்தில்தான். விளைவு, பேஸ் கிட்டாரின் ஒரு சுரம் வீட்டையே தூக்கும், அடுத்த சுரம் காணாமல் போகும். சுவரோரம் இருக்கிறவருக்கு இடி, நடுவில் இருக்கிறவருக்கு ஒன்றுமில்லை. மேலே தகரம் ஆணியோடு சேர்ந்து கிறுகிறுக்கும். அந்தக் கிறுகிறுப்பையும் பேஸ் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிற வீடுகள் உண்டு. ஸ்டூடியோக்களில் இதை அடக்கத் தடித்த பஞ்சுப் பொறிகள் வைத்துச் சுவர் கட்டுகிறார்கள். எங்களுக்குச் சுவரில் பூசுறதுக்கே காசு காணாது.

அடுத்தது பக்கத்து வீடு. உயர்ந்த ஒலிகளைச் சுவர் தடுக்கும், தாழ்ந்த ஒலிகளைத் தடுக்காது. அதனால் பக்கத்து வீட்டுக்குப் பாட்டுப் போகாது, இடி மட்டும் போகும். நீங்கள் ஒரு நல்ல பாட்டைக் கேட்டு உருகிக்கொண்டு இருக்கிறபோது, சுவருக்கு அந்தப் பக்கம் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பிள்ளைக்கு 'டும் டும்' மட்டும் கேட்கும். விடிய ரெண்டு மணிக்குக் கடலுக்குப் போகவேண்டிய ஒருத்தர் பத்து மணிக்குக் கண்ணை மூட முடியாமல் புரண்டு படுப்பார். 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம், வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில், இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அது ஒலிபெருக்கி அனுமதிப்பத்திரம் பற்றின தீர்ப்பு, வீட்டு சப் பற்றினது இல்லை. ஆனால் அதுக்குள் இருக்கிற நியாயம் வீட்டுக்கும் பொருந்தும். கோயிலுக்கும் பள்ளிக்கும் சேர்ச்சுக்கும் எல்லை போடுறது சரி என்று சொல்லுற நாங்கள், எங்கட சொந்த இடிக்கு மட்டும் எல்லை இல்லை என்று சொல்ல ஏலாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேணும். இந்த இடி ஒரு ஆம்பிளை விளையாட்டு. ஓட்டோவின் பின் சீட்டுக்குக் கீழே இருந்து வீட்டு ஹோல் வரைக்கும், செட் மகனுடையது, குமிழ் மகனின் கையில். அந்த வீட்டில் அதிக நேரம் ஒலியோடு வாழ்கிறவர் அடுப்படியில் நிற்கிற உம்மா அல்லது அம்மா. அவர் கேட்க விரும்புவது ஒரு பயான், ஒரு பிரசங்கம், ஒரு நாடகம், பழைய பாட்டு. எல்லாமே குரல். அவருக்குப் போனில் இருக்கிற ஒரு சதத்தளவு ஸ்பீக்கர், மகனுக்கு நிலம் அதிர்கிற பெட்டி. வீட்டுக் காசு யாருடைய காதுக்குச் செலவாகிறது என்று ஒருக்கா யோசிச்சுப் பாருங்க.

உப்புக் காத்துக்கு ஏற்ற பெட்டி

யூடியூப்பில் ஸ்பீக்கர் பற்றிக் கதைக்கிறவர்கள் யாரும் கற்பிட்டியில் இருந்து கதைப்பதில்லை. இங்கே மே மாதத்தில் இருந்து செப்டெம்பர் வரைக்கும் கடல் காத்து உப்போடு வீட்டுக்குள் வரும். அது ஸ்பீக்கரையும் தின்னும். ஆகவே வாங்கும்போது இந்த மாவட்டத்துக்காரர் சில விசயங்களைப் பார்க்கவேணும்.

கோனைச் சுற்றி இருக்கிற வளையம் ரப்பராக இருக்கட்டும். பழைய பெட்டிகளில் வருகிற ஸ்பொஞ்சு வளையம் ஈரக் காத்தில் சீக்கிரம் உதிரும், விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். துளை இல்லாத மூடின பெட்டி கிடைத்தால் நல்லது. துளை இருந்தால் எறும்பு, கரப்பான், பல்லி எல்லாம் குடிவரும். கேட்காத நேரம் ஒரு துணியை உருட்டி அடைத்து வையுங்க. வயர் பூட்டுற இடம் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்க, சில மாதத்துக்கு ஒருக்கா கழற்றித் துடைத்துப் பூட்டுங்க. வயர் வாங்கும்போது வள்ளங்களுக்குப் போடுற ஈயம் பூசின செப்பு வயர் கிடைத்தால் அதையே வாங்குங்க. கடலுக்குப் போகிறவர்களுக்கு ஏற்கனவே தெரிந்த விசயம்தான் இது, ஒலிக் கடையில் மட்டும் யாரும் சொல்லுறதில்லை.

இதிலும் சப் தோற்கிறது. பல சப்களில் அம்ப் அதே பெட்டிக்குள்ளேயே இருக்கும். கோன் அசைகிற ஒவ்வொரு முறையும் துளையால் உப்புக் காத்து உள்ளே போய் வரும், சர்க்கிட்டின் மேலால். சர்க்கிட் போனால் பெட்டி முழுக்கப் போச்சு. அம்ப் தனியாக, ஸ்பீக்கர் தனியாக இருந்தால் அப்படி இல்லை. அம்ப் பழுதானால் ஊரில் ரேடியோ திருத்துறவர் கழற்றிப் பார்ப்பார், ஸ்பீக்கர் இருபது வருசம் இருக்கும். 2022 மார்ச்சுக்கு முதல் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அந்த வருசமே 360 ரூபாவைத் தொட்டதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். இறக்குமதிச் சாமான் ஒன்று பழுதானால் எறிந்துவிட்டுப் புதுசு வாங்குகிற காலம் இது இல்லை. திருத்தக்கூடிய சாமானைத்தான் வாங்கவேணும்.

எப்படி வாங்கிறது?

மொடல் பட்டியல் தரமாட்டோம். வழி சொல்லுறம்.

நூறு ரூபா இருந்தால் அறுபது ரூபா ஸ்பீக்கருக்கு, முப்பது ரூபா அம்ப்புக்கு, மிச்சம் பத்து ரூபா வயருக்கும் நிறுத்தி வைக்கிற ஸ்டாண்டுக்கும். ஸ்டாண்டை ஊர் தச்சரே செய்து தருவார். பழசு வாங்க வெட்கப்பட வேண்டாம். புறக்கோட்டையில் புதுசாகக் கிடைக்கிற மலிவுச் செட்டைவிட, நல்ல நிலையில் உள்ள பழைய இரண்டு பெட்டி பல மடங்கு மேல். ஆனால் ஜப்பானில் இருந்து வந்த பழைய அம்ப் என்றால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. அங்கே மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. இடையில் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் செருகினால் அன்றைக்கே கதை முடியும்.

கடைக்குப் போகும்போது பாட்டைக் கொண்டு போக வேண்டாம், ஒரு குரலைக் கொண்டு போங்க. உங்கட அம்மாவையோ வாப்பாவையோ அமைதியான இடத்தில் இருத்தி, ஐந்து நிமிசம் ஏதாவது கதைக்கச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்க. அந்தப் பதிவைக் கடையில் போடச் சொல்லுங்க. பாடகரின் குரல் நேரில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அம்மாவின் குரல் தெரியும், அதில் உங்கட காதை எந்தக் கடைக்காரராலும் ஏமாற்ற ஏலாது. குகைக்குள் இருந்து கதைக்கிற மாதிரி இருந்தால் வேண்டாம். மூக்கடைத்த மாதிரி இருந்தால் வேண்டாம். 'ச' காதில் ஊசி மாதிரிக் குத்தினால் வேண்டாம். அம்மா முன்னால் நிற்கிற மாதிரி இருந்தால், விலையைக் கேளுங்க.

வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் ஷோகேஸில் ஒட்டி வைக்க வேண்டாம். இரண்டு பெட்டிக்கும் இடையில் உள்ள தூரமும், ஒவ்வொரு பெட்டியில் இருந்து நீங்கள் இருக்கிற இடத்துக்கு உள்ள தூரமும் ஒரே அளவாக இருக்கட்டும். ட்வீட்டர் உங்கட காதின் உயரத்துக்கு வரட்டும். பேஸ் காணாது என்றால் பெட்டியைப் பின்சுவர்ப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்க. சுவர் நெருங்க நெருங்கப் பேஸ் கூடும். காசே செலவில்லாத சப்வூஃபர் இதுதான். சீமெந்துச் சத்தம் எதிரொலித்தால் நிலத்தில் ஒரு பாய், யன்னலுக்குத் தடித்த சீலை. கிடுகுப் பாயும் வேலை செய்யும்.

எதிர்க்கேள்விகள்

"அப்போ இளையராஜாவின் பேஸ் கிட்டார்?" நல்ல கேள்வி. நாலு கம்பி பேஸ் கிட்டாரின் ஆகத் தாழ்ந்த சுரம் 41 ஹேர்ட்ஸ். ஆனால் அந்தச் சுரத்தோடு 82, 123 என்று மேற்சுரங்களும் சேர்ந்து வரும். அடிச் சுரம் முழுசாகக் கேட்காவிட்டாலும் மேற்சுரங்களை வைத்து மூளை அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். பேஸ் கிட்டார் எந்தச் சுரத்தில் இருந்து எந்தச் சுரத்துக்குப் போகிறது என்று பின்தொடர, தெளிவான 5 அங்குலக் கோன் போதும். இடிக்கிற சப்பில்தான் அது எல்லாம் ஒரே 'டும்' ஆகிப் போகும்.

"மெதுவாகப் போட்டால் பேஸ் கேட்கவே இல்லையே?" உண்மை. சத்தம் குறையக் குறைய எங்கட காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் அதிகமாகக் குறைந்து தெரியும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். பழைய அம்ப்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பட்டன் இருக்கிறது இதுக்குத்தான். மெதுவாகக் கேட்கும்போது அதைப் போடுங்க.

"அப்போ சப்பே வாங்கக் கூடாதா?" வாங்கலாம், இவ்வளவும் இருந்தால். இரண்டு நல்ல ஸ்பீக்கர் ஏற்கனவே வீட்டில் இருக்கவேணும். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் பிரித்து சப்புக்கு அனுப்பி, அந்தப் பாரத்தைச் சின்னக் கோனில் இருந்து இறக்குகிற வசதி அம்ப்பில் இருக்கவேணும். உண்மையில் இப்படிச் செய்தால் சின்னப் பெட்டிகளின் குரலும் இன்னும் தெளியும், அதை மறுக்கவில்லை. ஒரு ஒக்டேவ் கீழே இறங்க, அதே சத்தத்துக்குக் கோன் நாலு மடங்கு காத்தைத் தள்ளவேணும். அந்தச் சுமையைச் சப் ஏற்றுக்கொள்ளும். பக்கத்து வீட்டோடு ஒட்டாத சுவர் இருக்கவேணும். சப்பை நீங்கள் இருக்கிற கதிரையில் வைத்துவிட்டு, நிலத்தில் தவழ்ந்து எந்த மூலையில் பேஸ் சமனாகக் கேட்கிறது என்று தேடி, அந்த இடத்தில் வைக்கப் பொறுமை இருக்கவேணும். கடைசியாக, சப் வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது. நிறுத்தினால் மட்டும் "என்னவோ குறையுது" என்று தோன்றவேணும். அந்த அளவுக்குக் குமிழைக் குறைக்க மனசு வருகிறவர் வாங்கட்டும், எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

மற்றவர்களிடம் நாங்கள் கேட்கிறது ஒன்றுதான். வின்ச் வந்து அம்பாவை நிறுத்துகிறது. வயசு வந்து 1990இன் கதைகளை நிறுத்துகிறது. மஞ்சா பாடுகிறவர்கள் ஒரு சின்னச் சமூகம். இந்தக் கரையில் அடுத்த இருபது வருசத்தில் நாங்கள் இழக்கப் போகிறது முழுக்கக் குரல்கள். அவற்றைப் பதிவு செய்கிற போன் எல்லார் கையிலும் இருக்கிறது. அவற்றை ஒழுங்காகக் கேட்கிற ஒரு வீடாவது ஒவ்வொரு ஊரிலும் இருக்கட்டும். இரண்டு பெட்டி, ஒரு அம்ப், ஒரு பாய். பின்னேரத்தில் அக்கம்பக்கத்துச் சனம் நாலு பேர் வந்து இருந்து, பாட்டனின் பதிவைப் போட்டு, அவர் எந்த இடத்தில் மூச்சு வாங்கினார் என்பது வரைக்கும் கேட்கட்டும். நிலம் அதிர வேண்டியதில்லை.